ஆண்டேடும் மாணவர் இதழும்: சென்னைத் தென்புறநகரில் பன்னாட்டுச் சட்ட ஆய்வெழுத்தின் வரலாற்றுப் பின்புலம்

ஆய்வுச்சுருக்கம்

சட்டக் கல்லூரி மாணவர்கள் தாமே பதிப்பிக்கும் ஆய்விதழ் என்னும் அமைப்பு அமெரிக்க மரபிலிருந்து இந்தியாவுக்கு வந்தது என்பது பொதுவான கருத்து. பன்னாட்டுச் சட்டத்தைப் பொறுத்தவரை, சென்னைக்கு அதனினும் வேறான ஒரு முன்வரலாறு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1952இல் தொடங்கப்பெற்ற இந்தியப் பன்னாட்டு விவகார ஆண்டேட்டை அம்முன்வரலாற்றின் நடுவில் வைத்து, அதன் ஆசிரியர் சி. எச். அலெக்சாண்ட்ரோவிச் எழுப்பிய வினாக்களைத் தாம்பரம் சார்ந்த தென்புறநகரின் வரலாற்றோடு இக்கட்டுரை பொருத்திப் பார்க்கிறது. செங்கற்பட்டு ஜாகீர், ஆர்க்காட்டு நவாபின் வழக்கு, தோல் பதனிடும் ஆலைகள் பற்றிய 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஆகியன சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: பன்னாட்டுச் சட்டம், மாணவர் சட்ட இதழ், அலெக்சாண்ட்ரோவிச், செங்கற்பட்டு ஜாகீர், உடன்படிக்கை, வழக்காற்றுச் சட்டம்.

முன்னுரை

தாம்பரத்திலிருந்து வண்டலூர் வழியாகக் கேளம்பாக்கம் செல்லும் சாலையிலும், பெருந்தெற்குச் சாலையில் காட்டாங்கொளத்தூர் வரையிலும், பல்லாவரம், சேலையூர்ப் பகுதிகளிலும் இன்று சட்டக் கல்வி நடைபெறுகிறது. தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் பெருங்குடி வளாகமும் இவ்வட்டாரத்தைச் சேர்ந்ததே. உயர்நீதிமன்ற வளாகத்தை ஒட்டி ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இயங்கிய அரசு சட்டக் கல்லூரி 2018இல் இரண்டாகப் பிரிக்கப்பட்டு, ஒரு பகுதி திருவள்ளூர் மாவட்டத்துப் பட்டரைப்பெரும்புதூருக்கும் மற்றொரு பகுதி கேளம்பாக்கத்தை அடுத்த புதுப்பாக்கத்துக்கும் மாற்றப்பட்டது. நகரின் சட்டக் கல்வி நீதிமன்றத்தின் நிழலிலிருந்து விலகிப் புறநகருக்குக் குடிபெயர்ந்த காலம் என இதனைக் கூறலாம்.

இக்குடிபெயர்வுடன் மாணவர் சட்ட இதழ் என்னும் எழுத்து வடிவமும் பரவிற்று. இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர்கள் பதிப்புக் குழு அமைத்துக் கட்டுரைகளுக்கு அழைப்பு விடுப்பதும், வந்தவற்றை மதிப்பிட்டுத் திருத்துவதும், அடிக்குறிப்புகளைச் சரிபார்த்து வெளியிடுவதும் இந்தியச் சட்டப் பள்ளிகளில் இன்று இயல்பான நடவடிக்கைகள். அவற்றுள்ளும் பன்னாட்டுச் சட்டத்தைத் தனிப் பொருளாகக் கொண்ட இதழ்களுக்கு ஒரு மதிப்பு உண்டு. வெளிநாட்டு மேற்படிப்பு, மாதிரி நீதிமன்றப் போட்டி ஆகிய இரண்டோடும் அத்துறைக்குள்ள தொடர்பு இம்மதிப்புக்கு ஒரு காரணம். இவ்விதழ்கள் தம் முன்னோரை எங்கே தேடுகின்றன, எங்கே தேடியிருக்கலாம் என்பதே இக்கட்டுரையின் வினா.

சொல்லும் பொருளும்

நாடுகளுக்கிடையிலான சட்டத்தைக் குறிக்கத் தமிழில் ஒரே சொல் இல்லை. சர்வதேசச் சட்டம், அனைத்துலகச் சட்டம், பன்னாட்டுச் சட்டம் என மூன்றும் வழங்குகின்றன. இலங்கைத் தமிழ் வழக்கில் முதலாவது இன்றும் வலுவாக உள்ளது. தமிழ்நாட்டுக் கல்வித் தமிழில் மூன்றாவது மேலோங்கியுள்ளது. மூன்றாவது சொல்லில் ஓர் இடர்ப்பாடு உண்டு. பன்னாட்டு நிறுவனம் என்னும்போது அது பல நாடுகளில் பரவிய ஒன்றைக் குறிக்கிறது. பன்னாட்டுச் சட்டம் என்னும்போதோ நாடுகளுக்கு இடையில் நிற்கும் ஒன்றைக் குறிக்க வேண்டியுள்ளது. ஜெரமி பெந்தாம் 1789இல் வெளியிட்ட நூலில் புதிதாக ஆக்கிய ஆங்கிலச் சொல்லின் உயிர் அந்த 'இடை' என்பதில்தான் இருக்கிறது. அவருக்கு முன்னர் ஐரோப்பியர் கையாண்ட தொடரை நேர்படப் பெயர்த்தால் 'மக்களினங்களின் சட்டம்' என வரும். அலெக்சாண்ட்ரோவிச் தம் நூல்களில் இப்பழைய தொடரையே விரும்பிக் கையாண்டார். அதற்குக் காரணம் இருந்தது; பின்னர்க் காண்போம். வழக்கில் நிலைத்துவிட்டமையால் பன்னாட்டுச் சட்டம் என்னும் சொல்லே இங்குக் கையாளப்படுகிறது.

அமெரிக்க மரபும் சென்னை மரபும்

மாணவர் சட்ட இதழின் கதை வழக்கமாக 1887இல் தொடங்கிய ஹார்வர்டு சட்ட இதழிலிருந்து சொல்லப்படுகிறது. அதற்கு முன்னரும் அத்தகைய முயற்சிகள் இருந்தன. நிலைத்து நின்று மாதிரியாக அமைந்தது அதுவே. பேராசிரியரின் கட்டுரையை ஏற்பதா மறுப்பதா என்பதை மாணவர் முடிவு செய்வது வேறெந்த அறிவுத்துறையிலும் காண்பதற்கரிய வழக்கம். ஹார்வர்டு சட்ட இதழின் மேற்கோள் நெறி நூல் 1926இல் வெளிவந்து, அடிக்குறிப்பைக் கிட்டத்தட்ட ஒரு வழிபாடாகவே ஆக்கிற்று. பத்தாண்டு கழித்து ஃபிரெட் ரோடெல் சட்ட இதழ்களுக்கு விடைகொடுப்பதாக அறிவித்து எழுதிய கட்டுரை, நடை, உள்ளடக்கம் ஆகிய இரண்டிலும் அவை தோற்றுவிட்டதாகச் சாடியது. அதனை வெளியிட்டதும் வர்ஜீனியாவின் ஒரு சட்ட இதழ்தான். பன்னாட்டுச் சட்டத்துக்கெனத் தனி மாணவர் இதழ்கள் 1959, 1960ஆம் ஆண்டுகளில் ஹார்வர்டிலும் வர்ஜீனியாவிலும் தோன்றின. இந்தியாவில், பெங்களூருவில் 1988இல் வகுப்புகளைத் தொடங்கிய தேசியச் சட்டப் பள்ளியும் அதன் வழிவந்த ஐந்தாண்டுப் படிப்பும் இவ்வமைப்புக்கு இடமளித்தன. ஜோத்பூர் தேசியச் சட்டப் பல்கலைக்கழக மாணவர்கள் 2009இல் தொடங்கிய வணிகம், சட்டம், வளர்ச்சி பற்றிய இதழ் பன்னாட்டுப் பொருளாதாரச் சட்டத்தில் நன்மதிப்பைப் பெற்றது.

இவ்வரலாற்றில் சென்னை இடம்பெறுவதில்லை. சென்னையின் சட்ட எழுத்து வேறு வாயில் வழியே வந்தமையே அதற்குக் காரணம். சென்னைச் சட்டக் கல்லூரி 1891இல் தோன்றியது. அதே ஆண்டில் மெட்ராஸ் லா ஜர்னல் வெளிவரத் தொடங்கியது. கல்லூரியும் இதழும் ஓராண்டில் பிறந்தும் ஒன்றுக்கொன்று உறவின்றியே வளர்ந்தன. இதழை நடத்தியோர் மயிலாப்பூர் வக்கீல்கள். மாணவர்களுக்கு அதில் வாசகர் என்னும் நிலையே உண்டு. வழக்குத் தீர்ப்புகளைத் தொகுத்து, அவற்றின்மேல் குறிப்பெழுதி, நீதிமன்றத்துக்குப் பயன்படுமாறு அமைப்பது அதன் நோக்கம். இந்து குடும்பச் சட்டம், நிலவுடைமை, ஒப்பந்தம் ஆகியவற்றில் அதன் தாக்கம் பெரிது. நாடுகளுக்கிடையிலான சட்டம் அன்றைய சென்னை வக்கீலுக்குக் கட்டணம் தரும் துறை அன்று. அடிமைப்பட்ட நாட்டுக்கு அச்சட்டம் உண்டா என்பதே ஐயம்.

1952: சேப்பாக்கத்தில் ஓர் ஆண்டேடு

அந்த ஐயத்தையே ஆய்வுப் பொருளாக்கியவர் சென்னையில் பத்தாண்டு வாழ்ந்த ஒரு போலந்துக்காரர். சார்லஸ் ஹென்றி அலெக்சாண்ட்ரோவிச் 1902இல் லெம்பெர்க் நகரில் பிறந்தார். இன்று உக்ரைனில் லிவிவ் என வழங்கும் அந்நகரம் ஒரே தலைமுறைக்குள் பல ஆட்சிகளின்கீழ்ப் பெயர் மாறிய நகரம். பன்னாட்டுச் சட்டத்தின் இருபதாம் நூற்றாண்டுப் பெருமக்களாகிய ஹெர்ஷ் லாட்டர்பாக்ட், ரஃபேல் லெம்கின் ஆகிய இருவரும் அந்நகரில் பயின்றவர்கள். எல்லைகள் நகரும்போது மனிதர் நின்ற இடத்திலேயே அயலாராகிவிடும் பட்டறிவு அம்மண்ணுக்கு உண்டு. போர்க்காலத்தில் இங்கிலாந்து சேர்ந்த அலெக்சாண்ட்ரோவிச், 1951இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பன்னாட்டுச் சட்டமும் அரசமைப்புச் சட்டமும் கற்பிக்கும் பொறுப்பை ஏற்றார். 1961 வரை இங்கிருந்தார். இந்திய அரசமைப்பு பற்றிய அவரது நூல் 1957இல் வெளிவந்தது.

அவர் வந்த மறு ஆண்டே, பன்னாட்டுச் சட்டத்துக்கும் விவகாரங்களுக்குமான இந்திய ஆய்வுக் குழுவின் சார்பில் இந்தியப் பன்னாட்டு விவகார ஆண்டேட்டின் முதல் தொகுதி சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்தது. இக்கால வரிசையைக் கவனிக்க வேண்டும். டெல்லியில் இந்தியப் பன்னாட்டுச் சட்டக் கழகம் 1959இல்தான் அமைந்தது. அதன் இதழ் 1960இல் தொடங்கிற்று. எனவே விடுதலை பெற்ற இந்தியாவில் இத்துறைக்கான தொடர்வெளியீடு தலைநகரில் தோன்றுவதற்கு முன்பே சென்னையில் தோன்றிவிட்டது. அதே 1952இல்தான் சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற பி. என். ராவ் ஹேக் நகரிலுள்ள உலக நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியாகப் பொறுப்பேற்றார்.

ஆண்டேடு மாணவர் இதழ் அன்று. ஆசிரியர் தலைமையில் அமைந்த ஆய்வுக் குழுவின் வெளியீடு. ஆயினும் இன்றைய மாணவர் இதழ்களுக்கு அது முன்னோடியாகும் என்பதே இங்கு முன்வைக்கப்படும் கருத்து. அது ஏற்றெடுத்த வினா உள்ளூர்த் தன்மை உடையதாகவும் உலகத் துறைக்கு முற்றிலும் புதியதாகவும் இருந்தமையே அதற்குக் காரணம். குரோசியஸும் இந்தியாவும் பற்றி 1954ஆம் ஆண்டுத் தொகுதியிலும், முகலாயர் இறைமை பற்றி 1955ஆம் ஆண்டுத் தொகுதியிலும் அலெக்சாண்ட்ரோவிச் எழுதினார். தெற்காசிய உடன்படிக்கைகளில் இடம்பெற்ற பாகுபாட்டு விதிகள் பற்றிய கட்டுரை 1957இல் வந்தது. இக்கட்டுரைகள் திரண்டு 1960இல் ஹேக் நகரப் பன்னாட்டுச் சட்டக் கழகத்தில் விரிவுரைகளாயின. பின்னர் 1967இல் கீழை இந்தியப் பகுதிகளில் மக்களினங்களின் சட்டம் பற்றிய பெருநூலாக ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வெளிவந்தன. உலகம் இன்று மேற்கோள் காட்டும் நூலின் முதல் வரைவு சேப்பாக்கத்தில் அச்சேறியது எனலாம்.

அவர் கூறியது இது. பதினாறாம் நூற்றாண்டு முதல் பதினெட்டாம் நூற்றாண்டு வரை போர்த்துக்கேயரும் டச்சுக்காரரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் ஆசிய அரசர்களோடு நூற்றுக்கணக்கான உடன்படிக்கைகள் செய்தனர். தூதர்களைப் பரிமாறினர், போருக்கும் அமைதிக்கும் முறை வகுத்தனர். சமய வேறுபாடு அவற்றுக்குத் தடையாகவில்லை. அனைவரையும் தழுவிய ஒரு சட்டம் உண்டு என்னும் கொள்கையே அன்று நிலவியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த சட்டப் புலனெறிவாதிகள் 'நாகரிக நாடுகள்' என்னும் வட்டத்தை வரைந்து, ஆசிய அரசுகளை அதற்கு வெளியே நிறுத்தினர். ஆகவே 1947க்குப் பின் விடுதலை பெற்ற நாடுகள் இச்சட்டத்துக்குள் புதிதாக நுழையவில்லை. வெளியேற்றப்பட்ட இடத்துக்குத் திரும்பின. 'மக்களினங்களின் சட்டம்' என்னும் பழைய தொடரை அவர் விரும்பியதன் பொருள் இப்போது விளங்கும்.

இக்கருத்துக்கு மறுப்புகள் உண்டு. உடன்படிக்கைத் தாளில் காணும் சமன்மை பீரங்கிகள் ஏற்றிய கப்பலில் இல்லை என்பது எளிய மறுப்பு. அவரது கட்டுரைகளை 2017இல் தொகுத்து வெளியிட்ட டேவிட் ஆர்மிடேஜ், ஜெனிஃபர் பிட்ஸ் ஆகியோரும் அவரது பங்களிப்பைப் போற்றும்போதே அதன் வரம்புகளையும் சுட்டினர். இக்கட்டுரையாளர் கருதும் குறை வேறு. அவர் பெரிதும் சார்ந்திருந்தவை ஐரோப்பியத் தொகுப்புகள்: போர்த்துக்கேயத் தொகுப்பு, டச்சுத் தொகுப்பு, ஆங்கிலேயரின் எய்ட்சிசன் தொகுப்பு. உடன்படிக்கையின் மறுதரப்பு தன் மொழியில் எழுதிவைத்தது என்ன, கையெழுத்திட்டபோது எதைக் கொடுத்ததாக எண்ணியது என்னும் வினாவுக்கு இத்தொகுப்புகள் விடை தரா. சென்னையில் பத்தாண்டு இருந்தும் தமிழ், தெலுங்கு, மராத்தி ஆவணங்கள் அவரது வாதத்தில் தக்க இடம் பெறவில்லை. ஆண்டேட்டைச் சுற்றியிருந்த தமிழ் மாணவர்கள் நிரப்பியிருக்கக் கூடிய இடம் அது.

அவர் ஆஸ்திரேலியாவுக்குச் சென்ற பின் டி. எஸ். ராமராவ் முதலியோர் பணியைத் தொடர்ந்தனர். எனினும் பழைய விரைவு நிலைக்கவில்லை. துறையின் ஈர்ப்பு மையம் டெல்லிக்கு நகர்ந்தது.

காலடியில் ஓர் உடன்படிக்கை

தாம்பரம் என்னும் பெயர் உலகக் கல்விப்புலத்தில் வேறொரு துறையில் ஏற்கெனவே பதிந்துள்ளது. சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல் தாம்பரத்துக்கு மாறியது; அடுத்த ஆண்டு டிசம்பரில் பன்னாட்டு மறைப்பணி மன்றத்தின் மாநாடு அங்கு நடைபெற்றது. சீனத்தின் ஹாங்சோ நகரில் நடக்கவிருந்த அம்மாநாட்டை ஜப்பானியப் படையெடுப்பு இங்குக் கொணர்ந்தது. அத்துறையினர் இன்றும் 'தாம்பரம்' என்றால் ஊரைக் குறிப்பதில்லை, 1938ஐயே குறிக்கின்றனர். இது வழியில் கண்ட செய்தி. நம் பொருளுக்கு நெருக்கமானது அதற்கும் முந்தைய ஒன்று.

இன்றைய தென்புறநகர் முழுவதும் ஒருகாலத்தில் செங்கற்பட்டு ஜாகீரின் பகுதி. ஆர்க்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா, பூவிருந்தவல்லிப் பகுதியை 1750இலும் எஞ்சியவற்றை 1763இலும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அளித்தார். முகலாயப் பேரரசர் ஷா ஆலம் 1765இல் அதனை உறுதி செய்தார். கம்பெனியோ அந்நிலத்தை அந்த நவாபுக்கே குத்தகைக்கு விட்டு, 1780 வரை அவ்வாறே வைத்திருந்தது. கொடுத்தவரே குத்தகைதாரரான இந்நிலையில் இறைமை யாரிடம் இருந்தது?

இவ்வினா வெறும் உள்ளூர் வினா அன்று. சென்னையை 1746இல் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றினர். ஐரோப்பாவில் 1748இல் ஏற்பட்ட எக்ஸ்-லா-ஷப்பேல் உடன்படிக்கையின்படி அது மீண்டும் ஆங்கிலேயருக்குக் கிடைத்தது. அதற்கு ஈடாக வட அமெரிக்காவின் லூயிஸ்பர்க் கோட்டை பிரான்சுக்குத் திரும்பியது. 1763ஆம் ஆண்டுப் பாரிசு உடன்படிக்கையின் பதினோராம் விதி முகமது அலியைக் கருநாடகத்தின் முறையான நவாபாகப் பெயர் சொல்லி ஏற்றது. ஓர் இந்திய ஆட்சியாளரின் தகுதி ஐரோப்பிய வல்லரசுகளின் உடன்படிக்கையில் இடம்பெற்றமை அவரது உயர்வுக்குச் சான்றா, அவரது தகுதியைப் பிறர் முடிவு செய்யும் நிலைக்குச் சான்றா என்பதை இருவகையிலும் வாதிடலாம்.

அடுத்து வந்தது வழக்கு. நவாப் கம்பெனியின்மீது கணக்குக் கேட்டு லண்டனில் வழக்குத் தொடுத்தார். 1791இல் அவ்வழக்கு முதலில் நிலைத்தது, 1793இல் தள்ளுபடியாயிற்று. கம்பெனி இங்கு வணிகக் குழுவாக நடக்கவில்லை, இறைமையுள்ள தரப்பாக மற்றோர் இறைமையுள்ள தரப்போடு உடன்படிக்கை செய்தது. அத்தகைய உடன்படிக்கையை உள்நாட்டு நீதிமன்றம் விசாரிக்க இயலாது என்பது காரணம். நவாபின் இறைமை அவரது கோரிக்கையைத் தோற்கடிப்பதற்கு மட்டும் பயன்பட்டது. அவர் 1795இல் மறைந்தார். 1801இல் அவர் வழியினரிடமிருந்து ஆட்சியே பறிபோயிற்று. அவர் கட்டிய சேப்பாக்கம் மாளிகை இன்றும் பல்கலைக்கழக வளாகத்துக்கு அண்டையில் நிற்கிறது.

இதனோடு ஒப்பிடத்தக்கது உலக நீதிமன்றம் 1960 ஏப்ரல் 12இல் வழங்கிய தீர்ப்பு. தாத்ரா, நகர் ஹவேலி ஆகிய பகுதிகளுக்குச் செல்லும் வழியுரிமை கோரிப் போர்த்துக்கல் இந்தியாவின்மேல் தொடுத்த வழக்கு அது. மராத்தியரோடு 1779இல் செய்த உடன்படிக்கையைப் போர்த்துக்கல் சான்று காட்டியது. அவ்வுடன்படிக்கையே செல்லாது என்றது இந்தியா. பதினெட்டாம் நூற்றாண்டு இந்தியாவில் ஏற்பட்ட உடன்படிக்கையைப் பிற்கால நடைமுறைகளைக் கொண்டு அளக்கலாகாது எனக் கூறி அது செல்லும் என நீதிமன்றம் ஏற்றது. ஆனால் மராத்தியர் கொடுத்தது ஜாகீர் அல்லது சரஞ்சாம் எனப்படும் வருவாய் உரிமையே. நிலத்தின் இறைமையை அவர்கள் கொடுக்கவில்லை எனவும் முடிவு செய்தது. வழக்கின் இறுதி விளைவு வேறு காரணங்களால் அமைந்தது. நமக்கு வேண்டுவது இவ்விடைமுடிவு. ஜாகீர் இறைமையைத் தராது என்றால், 1763இல் செங்கற்பட்டு ஜாகீரைப் பெற்ற கம்பெனி எந்த நாளில், எந்த ஆவணத்தால் இவ்வட்டாரத்தின் இறைமையைப் பெற்றது? இவ்விரு ஜாகீர்களையும் ஒப்பிடும் ஆய்வு, இவ்வட்டாரச் சட்டக் கல்லூரியில் பயிலும் மாணவர் ஒருவருக்கு இயல்பாகத் தோன்ற வேண்டிய பொருள்.

குரோம்பேட்டையிலிருந்து ஹேக் வரை

பழங்காலம் வேண்டா என்போருக்கு அண்மைக்காலச் சான்றும் அருகிலேயே உண்டு. குரோம்பேட்டை என்னும் ஊர்ப்பெயர் குரோம் முறையில் தோல் பதனிட்ட ஆலையிலிருந்து வந்தது. பல்லாவரம், குரோம்பேட்டைப் பகுதிகளில் அத்தொழில் வளர்ந்து, நிலத்தடி நீரையும் நீர்நிலைகளையும் பாதித்தது. வேலூர்ப் பகுதி ஆலைகளுக்கு எதிராக 1991இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுக்கப்பட்ட வேலூர்க் குடிமக்கள் நல மன்ற வழக்கில் 1996 ஆகஸ்ட் 28இல் தீர்ப்பு வந்தபோது, அன்றைய செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டமும் அதன் வரம்புக்குள் வந்தது. ஐந்து மாவட்டங்களில் ஏறத்தாழ 900 ஆலைகள். ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம். உயர்நீதிமன்றத்தில் சுற்றுச்சூழலுக்கெனத் தனி அமர்வு. இவை உள்நாட்டு விளைவுகள்.

பன்னாட்டுச் சட்டத்துக்கு முதன்மையானது காரணப் பகுதி. 1972ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் அறிக்கையிலிருந்து 1992ஆம் ஆண்டு ரியோ அறிக்கை வரையிலான வளர்ச்சியைச் சுட்டி, நீடித்த வளர்ச்சி என்பது பன்னாட்டு வழக்காற்றுச் சட்டத்தின் பகுதியாகிவிட்டது எனவும், முன்னெச்சரிக்கை நெறியும் மாசுபடுத்தியவரே ஈடுசெய்யும் நெறியும் அதன் கூறுகளாதலால் அவை இந்தியச் சட்டமும் ஆகும் எனவும் நீதிமன்றம் கூறியது. வழக்காறு ஒன்று சட்டமாக வேண்டுமெனில் அரசுகளின் தொடர்ந்த நடைமுறையும் அதனைக் கடப்பாடாகக் கருதும் மனநிலையும் நிறுவப்பட வேண்டும். தீர்ப்பில் அத்தகைய ஆய்வு இல்லை; நீடித்த வளர்ச்சியின் கூறுகளைச் சட்ட அறிஞர்கள் இன்னும் முடிவுசெய்யவில்லை என்பதை அத்தீர்ப்பே ஒப்புக்கொள்கிறது. முடிவு நன்று, அதற்குக் கட்டிய படிகள் தளர்வானவை என்பதே இக்கட்டுரையாளரின் கணிப்பு.

மறு ஆண்டு, 1997 செப்டம்பரில், ஹங்கேரிக்கும் சுலோவாக்கியாவுக்கும் இடையிலான டான்யூப் ஆற்று அணை வழக்கில் உலக நீதிமன்றம் நீடித்த வளர்ச்சியை ஒரு கருத்தாக்கம் என்ற அளவிலேயே குறிப்பிட்டு நிறுத்திக்கொண்டது. அதே வழக்கில் இலங்கையைச் சேர்ந்த நீதிபதி வீரமந்திரி தனிக் கருத்துரை எழுதி, அது நெறி என்னும் தகுதியுடையது என நிறுவ முயன்றார். அதற்கு அவர் காட்டிய சான்றுகளுள் இலங்கையின் பண்டை ஏரிப்பாசன முறையும் ஒன்று. ஏரிகள் மாவட்டம் எனப் பெயர்பெற்ற செங்கற்பட்டில் அமர்ந்து இக்கருத்துரையைப் படிப்பவருக்கு எழுதுவதற்கா பொருள் இல்லை? பள்ளிக்கரணைச் சதுப்புநிலம், வேடந்தாங்கல், கரிக்கிலி ஆகிய மூன்றும் 2022இல் ராம்சார் உடன்படிக்கையின் பட்டியலில் சேர்ந்தன. பள்ளிக்கரணையின் பட்டியலிட்ட பரப்பு 1247.54 எக்டேர். சட்டப் பல்கலைக்கழகத்தின் பெருங்குடி வளாகம் அச்சதுப்புநிலத்துக்கு அண்மையது.

ஏதிலியர் பற்றியும் ஒரு சொல். 1951ஆம் ஆண்டு ஏதிலியர் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. ஈழத்தமிழ் ஏதிலியரைத் திருப்பி அனுப்பும் நடவடிக்கை 1992இல் தொடங்கியபோது, பழ. நெடுமாறன் முதலியோர் சென்னை உயர்நீதிமன்றத்தை நாடினர். ஐக்கிய நாடுகளின் ஏதிலியர் ஆணையமும் அவ்வாண்டில் சென்னையில் அலுவலகம் திறந்தது. கையெழுத்திடாத உடன்படிக்கையின் நெறிகள் வழக்காறாக வந்து கட்டுப்படுத்துமா என்னும் வினா, செங்கற்பட்டுச் சிறப்பு முகாம் இருந்த மாவட்டத்தில் நூல்வழி வினாவாக மட்டும் இருக்கவில்லை.

மாணவர் இதழின் வாய்ப்பும் வரம்பும்

மாணவர் முயற்சி இத்துறையின் போக்கை மாற்றியதற்குச் சான்று உண்டு. மூன்றாம் உலக அணுகுமுறை என இன்று அறியப்படும் பன்னாட்டுச் சட்டச் சிந்தனை, 1990களின் பிற்பகுதியில் ஹார்வர்டில் ஆய்வு மாணவர்கள் நடத்திய கூட்டங்களிலிருந்து உருவானது. ஆன்டனி ஆங்கி, பி. எஸ். சிம்னி, ஜேம்ஸ் கதீ, இலங்கைத் தமிழ்ப் பின்புலம் கொண்ட வாசுகி நேசையா ஆகியோர் அதன் தொடக்கத்தோடு இணைந்தவர்கள். அலெக்சாண்ட்ரோவிச் முகலாயர் இறைமையில் தேடிய விடையை அவர்கள் குடியேற்ற ஆட்சியின் வன்முறையில் தேடினர். வினா ஒன்றே.

இவ்வட்டாரத்தில் ஆய்விதழ் நடத்தும் மாணவர் எதிர்கொள்ளும் நெருக்கடிகள் வேறு வகையின. பல்கலைக்கழக மானியக் குழு பேணிவந்த ஆய்விதழ்ப் பட்டியல் 2025இல் கைவிடப்படும் வரை, பட்டியலில் இல்லாத இதழுக்கு ஆசிரியர்கள் எழுதத் தயங்கினர் என்பது நாம் அனைவரும் அறிந்ததே. ஓராண்டில் பதிப்புக் குழு முழுவதும் மாறிவிடும். பழைய தொகுதியின் கோப்புகளும் அதனோடு போய்விடும். இவை எங்கும் உள்ளவை.

மொழிதான் தனியே பேசவேண்டியது. தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகளில் தமிழில் தேர்வெழுதும் வாய்ப்பு உண்டு. அவ்வாய்ப்பைப் பயன்படுத்தும் மாணவர் கணிசமானோர் தம் குடும்பத்தில் முதன்முதல் பட்டம் பெறுவோர். பன்னாட்டுச் சட்ட இதழ்களோ ஆங்கிலத்தில் மட்டுமே கட்டுரை ஏற்கின்றன. துறையே ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் இயங்குவது என்பது அதற்குக் கூறப்படும் நியாயம். வெளியுலகோடு உரையாட ஆங்கிலம் வேண்டும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயின் மேலே காட்டிய பொருள்களுள் எவற்றை ஆங்கில அறிவு ஒன்றைக் கொண்டு ஆராய இயலும்? ஜாகீர் வினாவை எடுத்துக்கொள்வோம். கம்பெனிக்கு 1763இல் வந்து சேர்ந்தது எது என்பதைக் கம்பெனியின் ஆங்கிலப் பதிவேடுகள் ஒருவகையாகச் சொல்கின்றன. 1794 முதல் 1798 வரை ஜாகீரின் ஆட்சியராக இருந்த லயோனல் பிளேசின் அறிக்கை அவற்றுள் குறிப்பிடத்தக்கது. அவருக்கு முன்பே, 1767 முதல் 1774 வரை தாமஸ் பார்னார்டு ஏறத்தாழ 2000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். அவ்வளவைக்கு அடிப்படையாக ஊர்க் கணக்கர்கள் எழுதிய தமிழ் ஓலைகள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் உள்ளன. தரம்பால் இவ்வளவையின் அருமையை எடுத்துக்காட்டினார். அவரைத் தொடர்ந்து சென்னைக் கொள்கை ஆய்வு மையத்தினர் திருப்போரூர், வடக்குப்பட்டு ஆகிய ஊர்களின் கணக்குகளைப் பதிப்பித்தனர்.

இப்பதிப்பைப் பொருளாதார வரலாற்றாளரும் வேளாண் ஆய்வாளரும் பயன்படுத்தியுள்ளனர். பன்னாட்டுச் சட்டக் கண்கொண்டு அது படிக்கப்பட வேண்டும். விளைச்சலில் கோயிலுக்கு எவ்வளவு, கணக்கனுக்கு எவ்வளவு, வெட்டியானுக்கும் தச்சனுக்கும் எவ்வளவு, அரசுக்கு எஞ்சுவது எவ்வளவு என ஊர்தோறும் அக்கணக்குகள் பிரித்துக் காட்டுகின்றன. அரசின் பங்கு மட்டுமே நவாபிடமிருந்து கம்பெனிக்குக் கைமாறியது என்றால், ஏனைய பங்குகளின்மேல் கம்பெனி பின்னர்க் கைவைத்ததற்கு உடன்படிக்கையில் ஆதாரம் இல்லை. உலக நீதிமன்றம் 1960இல் மராத்தியரின் சனதுகளைப் படித்து வருவாயையும் இறைமையையும் பிரித்த அதே வேலையை, இங்கே ஓலைக் கணக்கைக் கொண்டு செய்யலாம். அதற்குக் காணி, மானியம், மேரை, சுதந்தரம் ஆகிய சொற்களை அக்கால வழக்கில் படிக்கத் தெரிந்த ஒருவரும், வழக்குத் தீர்ப்பை அதன் மூலத்தில் படிக்கத் தெரிந்த ஒருவரும் ஒரே மேசையில் அமர வேண்டும். திருப்போரூர், புதுப்பாக்கத்துச் சட்டக் கல்லூரிக்குத் தெற்கே அதே வட்டாரத்தில்தான் இருக்கிறது.